பேராசிரியர் சம்பளம்: பெயரோடு போடுவதா, பதவியோடு போடுவதா?

கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலைக்குப் போகும் பஸ்ஸில் இந்தப் பேச்சு வந்தால், பேராசிரியர் சம்பளம் என்று ஒருவர் ஒரு தொகை சொல்வார், அடுத்தவர் அதை இரட்டிப்பாக்குவார். மக்கள் வரிப்பணத்தில் கொடுக்கும் சம்பளம். கேட்க உரிமை இருக்கிறது. எப்படி வெளியிடுவது என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

பெயரோடு போடும் முறை கனடாவின் ஒன்ராறியோவில் 1996 முதல் உண்டு. ஆண்டுக்கு 100,000 டொலர் அல்லது அதற்கு மேல் வாங்கும் பொதுத்துறை ஊழியரின் பெயர், பதவி, தொகை எல்லாம் வருடாவருடம் வெளிவரும். பேராசிரியர்களும் அதில் அடக்கம். இப்படியான சட்டங்கள் வந்த கனடிய மாகாணங்களில் ஆண், பெண் பேராசிரியர்களின் சம்பள இடைவெளி 20 முதல் 40 வீதம் வரை குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஊழியர்களிடம் செய்து 2012இல் வெளியான ஆய்வு வேறொன்றையும் காட்டியது: சக ஊழியரின் சம்பளத்தைப் பார்த்த பிறகு, குறைவாக வாங்கியவர்கள் மனம் வெறுத்து வேறு வேலை தேட நினைத்தார்கள். கூட வாங்கியவர்களுக்கு அதனால் மகிழ்ச்சி கூடவும் இல்லை.

அங்கே ஆளுக்காள் பேரம் பேசிச் சம்பளம் கூடக் குறைய இடமுண்டு. இங்கே இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைதான் அளவுகோல். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலையிலும் கொழும்பிலும் ஒரே சம்பளத் திட்டம். அதனால் பெயரைப் போட்டு அடிப்படைச் சம்பளத்தை எழுதினால், அவருக்கு எத்தனை வருடச் சேவை என்பது தெரியும், அவ்வளவுதான். கொடுப்பனவுகள், வெளிவாரிப் பட்டப்படிப்பு வகுப்புகள், வருகைதரு விரிவுரைகள் ஆகியவற்றில்தான் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

ஒரு நிறுவனத்தில் நான் வருகைதரு விரிவுரையாளராக இருந்தேன். நியமனக் கடிதத்தில் மணித்தியாலக் கட்டணம் இல்லை. அதே பாடத்தை அடுத்த குழுவுக்கு எடுத்த நண்பருக்குக் கூடக் கொடுத்தார்கள் என்பது தவணை முடிந்த பிறகுதான் தெரிந்தது. போய்க் கேட்க ஒரு தாளும் கையில் இல்லை. இன்றைக்கும் அது மனதை அரிக்கிறது.

சரி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. நல்ல சட்டம், காரணம் சொல்லாமலே கேட்கலாம். ஆனால் தகவல் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுக்கவே 14 வேலை நாட்கள் உண்டு, தனிப்பட்ட தகவல் என்று மறுக்கவும் இடமுண்டு. அப்புறம், மட்டக்களப்பு மாதிரிச் சின்ன ஊரில் தன் துறையைப் பற்றி ஒரு மாணவியோ தற்காலிக விரிவுரையாளரோ பெயர் எழுதிக் கேட்பாரா?

அதனால் நான் பதவியோடு போடும் முறையின் பக்கம்: ஒவ்வொரு பதவிக்கும் கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து உண்மையில் கொடுத்த தொகை, பல்கலைக்கழக இணையத்தளத்திலேயே, மூன்று மொழியிலும். ஒரே ஒரு பேராசிரியர் உள்ள துறையில் பதவியைப் போட்டாலே ஆள் தெரிந்துவிடும். அங்கே பீட அளவில் சேர்த்துப் போடலாம். மணித்தியாலக் கட்டணத்துக்கு அந்தச் சிக்கலும் கிடையாது. யாருக்கு என்று எழுதாமலே நாளைக்கே அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடலாம்.