வம்சாவளி எழுதித் தருகிறோம் என்று வருபவர்களிடம் பழைய காணி உறுதி, படம் கொடுக்காதீர்கள்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு திருகோணமலையில் பரம்பரை தேடுபவர்களும்தான்.

போன தை மாதம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பழைய பதிவுகளைத் தேடி வம்சாவளி எழுதித் தருவாராம். ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பு, கச்சேரிப் பதிவு, கோயில் ஏடு என்று எல்லாம் அவர் வாயில் இருந்தது. 85,000 ரூபாய் பேசி 50,000 முற்பணம் கொடுத்தோம். கூடவே பூட்டனின் 1934ஆம் ஆண்டுக் காணி உறுதியையும், அவருடைய ஒரேயொரு படத்தையும் கொடுத்தேன். "ஸ்கான் பண்ணிட்டு நாளைக்கே தாறன் தங்கச்சி" என்றார்.

90இல் ஊரை விட்டு ஓடும்போது அம்மம்மா அந்த இரண்டையும் சீலைக்குள் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுபோனவா. முகாமில் மழைக்குள் இருந்தபோதும் நனையவிடவில்லை. அதை நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரத்துக்குள் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து கலர் அச்சில் பெரிய வம்சாவளி வந்தது. கோணேசர் கோயிலைக் கட்டியதாகச் சொல்லும் குளக்கோட்டன் காலத்தில் தொடங்கி, ஒரு தலைமுறைகூட விடாமல் எங்கள் வீடுவரை பெயர்கள். கோணேசர் கோயிலையே 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். அதற்கு முந்திய எங்கள் வீட்டுப் பெயர்கள் மட்டும் எந்த ஏட்டில் தப்பியிருந்தன என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். சந்தோசத்தில் மிச்சக் காசையும் கொடுத்து அனுப்பினேன்.

பிழையைப் பிடித்தது அம்மம்மா. இப்போது கண் தெரியாது, நான் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தா. தன் அக்கா 1944இல் பிறந்ததாக வந்ததும் மறித்தா. "சப்பான்காரன் குண்டு போடேக்க அக்கா நடந்தெல்லோ வந்தவ. கைக்குழந்தை நான்தான். என்னைத் தூக்கிக்கொண்டுதான் அம்மா தம்பலகாமத்துக்கு ஓடினவ." அந்தக் குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 9.

அதன்பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். 1918ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவின் பிரதி என்று தந்த தாளில் 'கிராம சேவகர்' கையொப்பம். 1963 வரை ஊர் அதிகாரியாக இருந்தது விதானையார். கிராம சேவகர் என்ற பதவியே அதற்குப் பிறகு வந்ததுதான். பூட்டனையும், அவர் பெயரையே வைத்த பேரனையும் ஒரே ஆளாக்கியும் இருந்தார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம், குடும்பப் பெயரும் கிடையாது. ஆகவே பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து எதையும் நம்பாதீர்கள். தகப்பன் பெயரையும் ஊரையும் பாருங்கள். உறுதி இருந்தால் நாலு எல்லையையும் வாசியுங்கள். வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே இன்னாருடைய காணி என்று இருக்கும். எங்கள் உறுதியில் கிழக்கெல்லைக்காரர் பூட்டியின் தமையன் என்று அம்மம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உறுதியும் படமும் திரும்பி வரவேயில்லை. அந்த ஆளின் ஃபோன் இப்போது வேலை செய்வதில்லை. பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போவதால், அங்கே தேடி உறுதியின் பிரதியை எடுத்துவிட்டேன். பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கும் பிரதேச செயலகத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இடையில் ஆள் தேவையில்லை.

படத்துக்கு இரண்டாம் பிரதி கிடையாது. தலைப்பாகையும் வெள்ளைக் கோட்டும் போட்ட மெலிந்த மனிதர், ஒரு கை கதிரை முதுகில், வலது மூலை கறையான் அரித்தது. ஆராவது விற்கவோ காட்டவோ கொண்டுவந்தால் தயவுசெய்து எனக்கு அறிவியுங்கள். அம்மம்மாவிடம் அது தொலைந்ததை இன்னும் சொல்லவில்லை.