ட்ரா.ஐஓ-வில் சேஃப்டி கேஸ்: மணலி, எண்ணூர் ஆலைகளுக்குச் சரிப்படுமா?

ஆலை பாதுகாப்பானது என்று சான்றோடு வாதிட்டுக் காட்டும் ஆவணம்தான் சேஃப்டி கேஸ். அதன் கிளெய்ம் (கூற்று), ஆர்க்யுமென்ட் (வாதம்), எவிடென்ஸ் (சான்று) மூன்றையும் வேர்டில் பத்தி பத்தியாக அடித்துத் தள்ளினால், எது எதைத் தாங்குகிறது என்று எழுதியவருக்கே ஒரு வாரத்தில் மறந்துபோகும். அதைப் படமாகப் போடத்தான் ஜி.எஸ்.என். (கோல் ஸ்ட்ரக்சரிங் நோட்டேஷன்) குறியீடு. 1990-களில் யார்க் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. இப்போதைய மூன்றாம் பதிப்பு 2021-இல் வந்தது. இதற்கென்றே விலைக்கு விற்கும் மென்பொருள்கள் உண்டு. மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு ஒப்பந்தத்தில் ஆவணம் செய்துதரும் சின்ன ஆபீஸுக்கு, படம் வரையும் இலவச மென்பொருளான ட்ரா.ஐஓ போதுமா? படம் வரையத் தாராளமாகப் போதும். வாதம் சரியா என்று பார்க்க அதற்குத் தெரியாது.

டெஸ்க்டாப் பதிப்பு நெட் இல்லாமல் ஓடும். ஆலை விவரம் எதுவும் வெளியே போகக் கூடாது என்னும் வாடிக்கையாளரிடம் இதுவே பாதி நிம்மதி. முதல் வேலையாக ஒரு லைப்ரரி (திரும்பத் திரும்ப எடுத்துப் போடும் வடிவங்களின் தொகுப்பு) செய்துகொள்ளுங்கள்: கிளெய்முக்குச் செவ்வகம், ஸ்ட்ராட்டஜிக்கு (கிளெய்மை எப்படிப் பிரித்து நிறுவுகிறோம் என்பது) இணைகரம், எவிடென்ஸுக்கு வட்டம், கான்டெக்ஸ்டுக்கு (கிளெய்ம் பொருந்தும் சூழல்) ஓரம் உருண்ட செவ்வகம், அனுமானத்துக்கு நீள்வட்டமும் அருகில் 'ஏ' எழுத்தும். தாங்கும் உறவுக்கு முனை நிரம்பிய அம்பு, கான்டெக்ஸ்டுக்கும் அனுமானத்துக்கும் முனை வெற்றான அம்பு. இரண்டையும் லைப்ரரியிலேயே போட்டுவைக்காவிட்டால் எல்லா அம்பும் ஒரே மாதிரி வந்து நிற்கும். அம்பின் நுனியை இழுக்கும்போது பெட்டி ஒளிர்ந்தால்தான் ஒட்டியதாக அர்த்தம். ஒளிராமல் விட்டது பார்வைக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். பெட்டியை நகர்த்தினால் அம்பு மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கும்.

குறை எங்கே என்பது ஒரு டீசல் ஃபயர் பம்பை எடுத்தால் தெரிந்துவிடும். 'ஃபயர் பம்ப் சோதனை' என்று செவ்வகத்தில் எழுதினால் ட்ரா.ஐஓ வாயே திறக்காது. ஆனால் அது கிளெய்மே இல்லை, வெறும் தலைப்பு. 'மின்சாரம் இல்லாத வெள்ளக் காலத்திலும் டீசல் பம்ப் 4 மணி நேரம் முழு அளவில் தண்ணீர் தரும்' என்பதுதான் கிளெய்ம். உண்மையா பொய்யா என்று கேட்க முடிகிறதே. இதன் கீழே வாராந்திர 30 நிமிட ஓட்டப் பதிவேட்டை வட்டமாக ஒட்டிவிட்டு நகர்வதுதான் வழக்கமான கோளாறு. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் என்பதற்கு அது சாட்சி. 4 மணி நேரத்துக்கும் வெள்ளத்துக்கும் அதில் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு ஸ்ட்ராட்டஜி போட்டுப் பிரிக்க வேண்டும்: எரிபொருள் போதும் (டேங்க் கொள்ளளவுக் கணக்கு), முழு லோடில் அழுத்தம் இறங்காது (பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட் அறிக்கை), பேட்டரியும் கண்ட்ரோல் பேனலும் தண்ணீருக்கு மேலே இருக்கும் (பம்ப் ஹவுஸ் லெவல் சர்வே). ஸ்ட்ராட்டஜியிலிருந்து நேராக வட்டத்துக்கு அம்பு போகக் கூடாது, இடையில் ஒரு கிளெய்ம் இருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.என். விதி. ட்ரா.ஐஓ அதையும் தடுக்காது.

'வெள்ளம் பம்ப் மேடையைத் தாண்டாது' என்பது அனுமானம். அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல் நீள்வட்டமாக வெளியே வைத்தால்தான், எந்த ஆண்டு வெள்ளக் குறியை வைத்துச் சொன்னீர்கள் என்று யாராவது கேட்பார்கள். பூண்டி உபரி நீர் கொசஸ்தலையாற்றில் வந்தால் மணலி புதுநகர் என்ன ஆகும் என்பது ஊரறிந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும் ஊரறிந்ததே. (சேஃப்டி கேஸ் இருப்பது மட்டும் போதாது: 2006-இல் 14 பேரோடு விழுந்த பிரிட்டிஷ் நிம்ரோடு விமானத்துக்கும் சேஃப்டி கேஸ் இருந்தது. 2009 விசாரணை அறிக்கை அதைக் கிழித்துத் தொங்கவிட்டது.)

பெட்டியைக் காப்பி செய்தால் அதன் எண்ணும் அப்படியே வரும். 'ஜி7' என்ற எண்ணில் இரண்டு கிளெய்ம் இருப்பது அச்சடித்த பிறகுதான் கண்ணில் படும். கண்ட்ரோல் எம் அழுத்தினால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆவண எண், ரிவிஷன், பொறுப்பாளர் என்று சேர்க்கலாம், கட்டாயம் செய்யுங்கள். பி.டி.எஃப்.-க்கு லிங்க் கொடுப்பதும் சுலபம், ஆனால் யாராவது ஃபோல்டரை மாற்றினால் லிங்க் செத்துவிடும்.

ஏறக்குறைய 40 பெட்டி வரை இதிலேயே ஓட்டலாம். அதற்கு மேல் போனால், ஒரு எவிடென்ஸ் காலாவதியானதும் எந்தெந்தக் கிளெய்ம் ஆட்டம் காண்கிறது என்று காட்டும் மென்பொருளுக்குக் காசு செலவழிப்பது தகும். அதுவரை ஃபைல் மெனுவின் பிராப்பர்ட்டீஸில் கம்ப்ரெஸ்டு டிக்கை எடுத்துவிட்டு, ஃபைலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளில் வையுங்கள். எந்தக் கிளெய்மின் வாசகம் எப்போது மாறியது என்று வரி வரியாகத் தெரியும்.