நீல நிற எச்செவேரியா வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

போன மாதம் ஆன்லைனில் ஒரு நர்சரிக்காரரிடம் எச்செவேரியா என்ற சதைப்பற்றுள்ள இலைகள் கொண்ட தொட்டிச் செடியை வாங்கினேன். தாமரைப்பூ போல அடுக்கடுக்கான இலைகள், மயில் கழுத்து நீலம். 450 ரூபாய், கூரியர் தனி. "மதுரை வெயில் தாங்குமா?" என்று கேட்டதற்கு, "நல்லா வெயில்ல வைங்க மேடம், தினமும் தண்ணி ஊத்துங்க" என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மெக்சிகோ மலைப்பக்கத்துச் செடி, மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் கேட்கும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

பார்சலைப் பிரித்தால், தொட்டியின் மேல் வெள்ளைக் கூழாங்கல் அழகாகப் பரப்பியிருந்தது. தொட்டியைக் கவிழ்த்தேன், ஒரு கல்கூட விழவில்லை. பசை! ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தால் உள்ளே முழுக்கத் தேங்காய் நார்த்தூள், பிழியாத துணி மாதிரி ஈரம். அதற்குள் வேரைச் சுற்றி ஒரு நைலான் வலைப்பை வேறு. வேர் கறுத்து, தண்டின் அடிப்பகுதி அழுகிய வாழைப்பழம்போலக் கொழகொழவென்று இருந்தது.

சரி, நீலமாவது நிஜமா? பத்து நாளில் நடுக்குருத்திலிருந்து பச்சை இலை எட்டிப் பார்த்தது. சந்தேகப்பட்டு, நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் கீழ் இலையைத் துடைத்தேன். பஞ்சு நீலமானது. செடிக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்! சில எச்செவேரியாக்களுக்கு இயற்கையாகவே சாம்பல் கலந்த நீலம் உண்டு. அது இலைமேல் படிந்த மெழுகுப் பொடி. விரல் பட்டாலே ரேகை விழும், போன பொடி அந்த இடத்தில் எளிதில் திரும்ப வராது. என் செடியிலோ கட்டைவிரலால் தேய்த்தும் ஒரு தடம் விழவில்லை. பெயின்ட் வெளிச்சத்தையும் மறைக்கும், இலைத்துளைகளையும் அடைக்கும்.

போட்டோ அனுப்பிக் கேட்டேன். "நேச்சுரல் கலர்தான் மேடம். நீங்க தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க." தினமும் ஊற்றச் சொன்ன அதே ஆள்! பணத்தைக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் பிளாக்.

வாங்கும் முன் வீடியோ கேளுங்கள்: ஒரு கல்லை நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள், நடுக்குருத்தைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். நம்மூர் வெப்பத்துக்கு ஹவொர்த்தியா என்ற இன்னொரு சதைப்பற்றுச் செடி பரவாயில்லை, ஜன்னலோர நிழலிலேயே வளரும்.

தண்டு போனாலும் மேல் இலைகள் ஆறை முழுசாகத் திருகி எடுத்து, காய்ந்த மணல்மேல் வைத்தேன். அவற்றில் இரண்டு இலைகள் வேர் விட்டிருக்கின்றன. நேற்று தோழியின் போனில் அந்த நர்சரிக்காரரின் விளம்பரம் வந்தது. அதே தொட்டி, அதே வெள்ளைக் கல், இந்த முறை வயலட்.