கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் ஸ்பானிஷ், பிரெஞ்சு: 230 டாலருக்குத் தகுமா?

கலிஃபோர்னியாவாசி என்ற தகுதி உள்ளவருக்கு கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) கட்டணம் யூனிட்டுக்கு, அதாவது ஒரு பாட அலகுக்கு, 46 டாலர். முதல் நிலை வகுப்பான ஸ்பானிஷ் 1 பெரும்பாலும் 5 யூனிட். ஆக 230 டாலர், கூடவே ஹெல்த் ஃபீ, பார்க்கிங் என்று சில்லறைச் செலவு. ஏறக்குறைய 90 மணி நேர வகுப்புக்கு இது கொள்ளை மலிவு. வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் கட்டணம் பல மடங்கு. அவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

பர்ஸைப் பதம் பார்ப்பது புத்தகம்தான். வீட்டுப்பாடம் பெரும்பாலும் பதிப்பகத்தின் இணையதளத்தில் இருக்கும். அதற்குத் தனி ஆக்சஸ் கோடு (நுழைவுக் குறியெண்) வேண்டும். பழைய புத்தகத்தில் உள்ள கோடு ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும். ஸ்பானிஷ் 2-க்கும் அதே புத்தகமா என்று முதல் நாளே கேளுங்கள். ஆம் என்றால் நீண்ட காலக் கோடுதான் லாபம்.

அந்தத் தளங்கள் எழுத்துக்குறி விஷயத்தில் படு கறார். ஸ்பானிஷில் 'ஆப்லோ' (hablo) என்றால் நான் பேசுகிறேன். கடைசி எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு விழுந்தால் 'ஆப்லோ́' (habló), அதாவது அவர் பேசினார். சாய்கோடு விட்டுப்போனால் மதிப்பெண் போச்சு. விண்டோஸில் யுஎஸ் இன்டர்நேஷனல் கீபோர்டை முதல் வாரமே போட்டுவிடுங்கள்: ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டி, பிறகு உயிரெழுத்து.

தமிழருக்கு ஒரு சலுகை உண்டு, எந்தப் பாடப்புத்தகமும் அதைச் சொல்லாது. 'மெ குஸ்தா எல் கஃபே' என்ற வாக்கியத்தோடு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். நமக்கு அது 'எனக்குக் காபி பிடிக்கும்', அவ்வளவுதான். வினை விகுதியே எழுவாயைக் காட்டிவிடுவதும் 'வந்தேன், வந்தாய்' மாதிரியேதான். 'நாதா'வில் (nada, ஒன்றுமில்லை) வரும் தகரம் 'அது'வில் வருவதுபோல மென்மையானது. அடி வாங்கும் இடம் பால். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். அஃறிணைக்கு ஆண், பெண் பார்க்காத நமக்கு இதில் பிடிமானமே இல்லை. 'மேசா' (மேசை) என்று மனப்பாடம் செய்யாமல், பெண்பாலைக் காட்டும் 'லா'வையும் சேர்த்து 'லா மேசா' என்றே செய்ய வேண்டும். 'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்று நம்பினால் 'எல் ப்ரொப்ளேமா' (பிரச்சினை; 'எல்' என்றால் ஆண்பால்) காலை வாரும்.

பிரெஞ்சில் இந்தச் சலுகை பாதி செல்லாது. நான், நீ, அவன், அவர்கள் நால்வருக்கும் எழுத்தில் விகுதி மாறினாலும் 'பேசு' என்ற வினையில் காதில் விழுவது ஒரே 'பார்ல்'.

கோடை வகுப்பு வேண்டாம். அதே 90 மணி நேரத்தை 6 வாரத்தில் திணித்தால் வாரம் 15 மணி வகுப்பு, வீட்டுப்பாடம் தனி. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் இறந்தகாலப் பாடமே போய்விடும்.

காலேஜின் பாடப் பட்டியலான கேட்டலாக்கை நம்பிச் சேராதீர்கள். அதில் நான்கு நிலை இருக்கும். ஆள் சேராமல் 3, 4 ரத்தாவது சகஜம், இத்தாலியனில் இன்னும் அதிகம். கடந்த இரண்டு ஆண்டு வகுப்பு அட்டவணையைப் பாருங்கள். நான்கும் முடித்தாலே 360 மணிதான். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்றுத்தர ஒதுக்குவது 600 மணிக்கும் மேல். அந்த 360 மணியில் அகராதியோடு செய்தித்தாள் படிக்கலாம், கடையில் பேரம் பேசலாம். தொலைபேசியில் தடுமாற்றம் இருக்கும்.

சி கிரேடில் தேறிவிட்டால் அதே வகுப்பில் பொதுவாக மறுபடி சேர விடமாட்டார்கள். திணறினால் முதல் இரண்டு வாரத்துக்குள் விலகுங்கள். முழு செமஸ்டர் வகுப்பென்றால் பணம் திரும்பும்.