டிஆர்ஆர் தான் 42: பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதும் விதைக்குள் இருப்பதும்

ஐஆர்64 நெல்லைப் பயிரிட்டுப் பழகியவர்களுக்கு அதன் குணமும் குறையும் மனப்பாடம். 1985ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் வெளியான அந்த ரகம், நல்ல விளைச்சல், குறைந்த வயது, நீண்டு மெலிந்த அரிசி ஆகியவற்றின் பலத்தால் ஒரு கட்டத்தில் உலகில் ஏறத்தாழ ஒரு கோடி ஹெக்டேரில் நின்றது. நீர் இருக்கும்வரை அதை மிஞ்ச ஆளில்லை. கதிர் வெளிவரும் வாரத்தில் மண் காய்ந்துவிட்டால் கதிர் முழுவதும் பதராகிவிடும். அந்த ஒரு குறையைத் திருத்துவதற்காகவே உருவாக்கப்பட்டு, இந்தியாவில் 2014ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ரகம்தான் டிஆர்ஆர் தான் 42 ('தான்' என்பது நெல்லைக் குறிக்கும் இந்திச் சொல்). ஐஆர்64 டிஆர்டி1 என்பது அதன் மற்றொரு பெயர். இதை ஐஆர்64உடன் பக்கத்துப் பாத்திகளில் வைத்து இரண்டு பருவங்கள் வளர்த்துப் பார்த்த பின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வாங்கத் தகுந்த விதைதான். ஆனால் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் 'வறட்சியைத் தாங்கும்' என்ற இரண்டு சொற்களை நம்பி வாங்கினால் ஏமாற்றம் உறுதி.

முதலில், விதைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நெல்லுக்குப் பன்னிரண்டு ஜோடி குரோமோசோம்கள். வறட்சியில் விளைச்சல் தருவது என்ற பண்பு ஒரே மரபணுவின் வேலையாக இருந்திருந்தால் இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்திருக்கும். அது பல இடங்களில் சிதறிக் கிடக்கும் மரபணுக்களின் கூட்டு விளைவு. அத்தகைய இடங்களைத்தான் ஆய்வாளர்கள் கியூடிஎல் என்று அழைக்கிறார்கள். ஐஆர்64ஐ, அடே செலக்‌ஷன் என்ற வறட்சி தாங்கும் ரகத்துடன் கலந்து, பிறந்த சந்ததியை மீண்டும் மீண்டும் ஐஆர்64உடனேயே சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் வேண்டிய துண்டு இருக்கிறதா என்று டிஎன்ஏ மார்க்கர் (அந்தத் துண்டைக் காட்டிக்கொடுக்கும் அடையாளக் குறி) கொண்டு பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இதற்குப் பின்கலப்பு என்று பெயர். முதல் பின்கலப்பில் சராசரியாக 75 விழுக்காடும், இரண்டாவதில் 87.5 விழுக்காடும், மூன்றாவதில் 93.75 விழுக்காடும் தாய் ரகத்தின் மரபணுக்கள் திரும்பிவிடும். இப்படி இறுதியில் நிலைத்தவற்றில் முக்கியமானவை இரண்டாம் குரோமோசோமில் ஒன்றும் நான்காம் குரோமோசோமில் ஒன்றுமாக இரண்டு துண்டுகள், கியூடிடிஒய்2.2, கியூடிடிஒய்4.1 என்பன அவற்றின் பெயர்கள். மற்றபடி இது பெரும்பாலும் பழைய ஐஆர்64தான். வேற்றுயிரின் மரபணு எதையும் இதில் புகுத்தவில்லை. பலரும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் பருவத்தில் என் சோதனை வீணாயிற்று. தண்ணீரை நிறுத்திய ஐந்தாம் நாள் பெய்த மழை இரண்டு பாத்திகளையும் ஒன்றாக்கிவிட்டது. அறுவடையில் வேறுபாடு ஏதும் தெரியவில்லை. ஆயினும் அதிலிருந்து ஒன்று விளங்கியது: நீர் போதுமான ஆண்டில் இந்த ரகத்தால் விளைச்சல் குறையவில்லை. வறட்சி தாங்கும் பழைய ரகங்கள் பலவற்றின் பெரிய குறையே, நல்ல ஆண்டிலும் கஞ்சத்தனமாக விளைவதுதான்.

இரண்டாம் பருவத்தில் மழை குறுக்கிடவில்லை. தொண்டைக்கதிர் பருவத்தில், அதாவது கதிர் இன்னும் இலை உறைக்குள் இருக்கும்போது, தண்ணீரை நிறுத்தினேன். நண்பகலில் இரண்டு பாத்திகளிலும் இலைகள் ஒன்றுபோலவே சுருண்டு ஊசியாக நின்றன. இலையை மட்டும் பார்த்திருந்தால் புதிய விதையைக் குப்பையில் போட்டிருப்பேன். வேறுபாடு கதிரில்தான் வெளிப்பட்டது. ஐஆர்64இல் பல கதிர்கள் கண்ணாடி இலையின் உறையை விட்டு முழுதாக வெளியே வராமல், அடிப்பகுதி உள்ளேயே சிக்கி, வெளியே தெரிந்த நுனி வெள்ளையாக வெளுத்து நின்றது. பக்கத்துப் பாத்தியில் சில நாள் தாமதமானாலும் பெரும்பாலான கதிர்கள் கழுத்து நீண்டு வெளியே வந்துவிட்டன. பால் பிடிக்கும் நேரத்தில் கதிரைக் கையில் எடுத்து ஒவ்வொரு மணியாகக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினேன். ஐஆர்64இன் மணிகள் வெறும் உமியாக நசுங்கின. டிஆர்ஆர் தான் 42இன் மணிகளில் பாதிக்கு மேல் விரலில் பால் ஒட்டியது. பாதி என்பது நினைவில் வையுங்கள். முழு விளைச்சல் என்று யாராவது சொன்னால் அவர் வயலில் நின்று பார்த்தவர் அல்லர்.

இதற்குக் காரணம் உண்டு. மகரந்தத் தாய்ச்செல்கள் பிளவுறும் சில நாட்களில் செடி நீருக்கு ஏங்கினால் மகரந்தம் மலடாகும்; பிறகு எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் அந்தப் பூ மணியாகாது. இந்த ரகத்தில் சேர்க்கப்பட்ட துண்டுகளை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்ததே அந்தக் கட்டத்து வறட்சியில் கிடைத்த தானிய எடையைப் பார்த்துத்தான். முன்பெல்லாம் வேரின் நீளம், இலை சுருளும் விதம் போன்ற துணைப் பண்புகளை அளந்து அவற்றின் வழியாக வறட்சி தாங்கும் செடியைத் தேடினார்கள். அந்தப் பாதை அதிகப் பலன் தரவில்லை. வறண்ட வயலிலேயே விளைச்சலை நேரடியாக எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய பிறகுதான் வலுவான கியூடிஎல்கள் கைக்கு வந்தன. நான் இலையைப் பார்த்து ஏமாற இருந்ததும் அதே பழைய தவறுதான்.

ஆகவே இந்த விதை பூக்கும் பருவத்துக்கான காப்பு. நாற்று வயதிலோ தூர் கட்டும் பருவத்திலோ நீர் நின்றுபோனால் இதனிடமிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மூலையில் முன்னதாகவே காயவிட்ட இரண்டு வரிசைகளில் தூர்களின் எண்ணிக்கை ஐஆர்64ஐப் போலவே குறைந்தது. வேரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐஆர்64இன் வேர் மேலாகப் படர்வதற்கு ஒன்பதாம் குரோமோசோமில் உள்ள டிஆர்ஓ1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருப்பது ஒரு காரணம் என்று 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கினன்டாங் படோங் என்ற மேட்டுநில ரகத்தில் அந்த மரபணு பழுதின்றி இருப்பதால் அதன் வேர் செங்குத்தாக இறங்குகிறது. டிஆர்ஆர் தான் 42இல் தேடிச் சேர்த்தவை இரண்டாம், நான்காம் குரோமோசோம்களின் துண்டுகள். ஆழ்வேர் என்பது இதன் வாக்குறுதியில் இல்லை. அடுத்த பதிப்பு என்று ஒன்று வருமானால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

கியூடிஎல்களை அடுக்கிக்கொண்டே போனால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு ரகத்தில் நன்றாக வேலை செய்யும் துண்டு மற்றொன்றில் சோம்பிக் கிடக்கும். மூன்று சேர்ந்தது இரண்டு சேர்ந்ததைவிடக் குறைவாக விளைவதும் நடக்கும். வேண்டாத பண்பு ஒட்டிக்கொண்டு வரும் தொல்லையும் இருக்கிறது. முதல் குரோமோசோமில் உள்ள கியூடிடிஒய்1.1 என்ற வலுவான துண்டு, செடியைக் குட்டையாக்கும் எஸ்டி1 மரபணுவுக்கு மிக அருகில் அமர்ந்திருக்கிறது. 1966இல் ஐஆர்8 என்ற குட்டை நெல் ரகம் வந்தது முதல் குட்டைச் செடிகளையே தேர்ந்தெடுத்து வந்தபோது, யாரும் அறியாமல் வறட்சி தாங்கும் அந்தப் பகுதியையும் சேர்த்துக் கழித்துவிட்டோம். அதைத் திரும்பக் கொண்டுவந்தால் செடி உயர்ந்து சாய்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க மிகப் பல செடிகளைச் சலிக்க வேண்டியிருந்தது. டிஆர்ஆர் தான் 42இல் அந்தத் தொல்லை இல்லை. என் பாத்தியில் உயரம் தாய் ரகத்தை ஒட்டியே இருந்தது.

உயரம் என்றதும் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் விதை வாங்கிய விற்பனையாளரின் பொட்டலத்தில் கலவன், அதாவது வேறு ரகத்தின் விதை, இருந்தது. கதிர் வந்தபோது பாத்தியின் நடுவே ஒரு முழம் உயர்ந்த செடிகள் தலை நீட்டின. மணியின் நுனியில் மீசையும் இருந்தது. முறையிட்டபோது, வறட்சி ரகம் என்றால் அப்படித்தான் உயரமாக வளரும் என்று பதில் வந்தது. ஐஆர்64ஐ ஒத்திருப்பதே இந்த ரகத்தின் அடையாளம் என்று தெரியாதவரிடம் மேற்கொண்டு வாதாடிப் பயனில்லை. இவ்விரண்டு ரகங்களையும் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பது இதைவிடப் பெரிய சிக்கல். பழைய ஐஆர்64ஐயே புதிய பெயரில் கட்டிக் கொடுத்தாலும், வறட்சி வரும்வரை அல்லது மார்க்கர் சோதனை செய்யும்வரை வாங்கியவருக்குத் தெரியப்போவதில்லை. சான்று அட்டை தைத்த மூட்டையைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள்.

நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் என்பதாலும், இது வீரிய ஒட்டு ரகம் அல்ல என்பதாலும், அறுவடையில் விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்; அந்த இரண்டு துண்டுகளும் அடுத்த தலைமுறையிலும் அப்படியே இருக்கும். நான் கலவன்களைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிட்டு, பாத்தியின் நடுவில் இருந்த கதிர்களை மட்டும் தனியே அறுத்துக் காயவைத்திருக்கிறேன். வரும் பருவத்தில் அதைத்தான் விதைக்கப்போகிறேன், பக்கத்தில் ஒரு வரிசை ஐஆர்64உடன்.