ஃபெம்டோ லேசிக்: ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு

இரண்டு கண்களிலும் மைனஸ் ஐந்தரை பவர் இருந்த நான், 2018ஆம் ஆண்டு, கண்ணின் பவரைச் சரிசெய்யும் லேசர் அறுவையான ஃபெம்டோ லேசிக் செய்துகொண்டேன். இன்றும் தொலைவுப் பார்வைக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அந்த வகையில் முழு நிறைவே.

ஆனால் ஆலோசனை சொன்னவர் 'பிளேடே கிடையாது' என்று திரும்பத் திரும்பச் சொன்னதால், கண்ணில் வெட்டே விழாது என்று நம்பிவிட்டேன். அது தவறு. சில நூறு ஃபெம்டோசெகண்ட் (நொடியின் மிக மிக நுண்ணிய பகுதி) மட்டுமே நீடிக்கும் அகச்சிவப்புத் துடிப்புகள், கருவிழிக்குள் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவுக்குள்) நுண்குமிழிகளை நெருக்கமாக உண்டாக்கி, என் கண்ணில் 110 மைக்ரான் ஆழத்தில் ஒரு மடலை, அதாவது மூடிபோல் திறக்கக்கூடிய மெல்லிய அடுக்கை, பிரித்தன. பிளேடு செய்யும் வேலையைத்தான் இந்த லேசர் செய்கிறது. மடலின் தடிமன் ஒரே சீராக அமைவதே இதன் சிறப்பு. பவரைச் சரிசெய்வது, மடலைத் திறந்தபின் வரும் 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர். முடி கருகியதுபோல் ஒரு வாடை வந்தது அப்போதுதான். அதற்கு முன், உறிஞ்சு வளையம் கண்ணை அழுத்திப் பிடித்தபோது பார்வை மெல்ல இருண்டது; வலி இல்லை, ஆனால் அந்த இருட்டைப் பற்றி யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

மடலை வெட்டும்போது கருவிழியின் நரம்பிழைகளும் அறுபடுகின்றன என்பதை, கண் வறட்சி வந்த பிறகே தெரிந்துகொண்டேன். முதல் எட்டு மாதங்கள், காலையில் இமை கண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சொட்டு மருந்து விட்டு, சற்றுப் பொறுத்துத்தான் திறக்க முடியும். இப்போதும் குளிரூட்டப்பட்ட அறையில் நாள் முழுவதும் கணினியைப் பார்த்தால் மாலையில் எரிச்சல் வருகிறது. எதிரே வரும் லாரி விளக்குகளைச் சுற்றித் தெரிந்த ஒளிவட்டம் ஓராண்டில் வெகுவாக மங்கியது.

மடல் பழைய உறுதியோடு ஒட்டுவதில்லை என்பதால், மூன்றாம் ஆண்டில் குழந்தையின் முழங்கை கண்ணில் பட்டபோது நடுங்கிப்போய் அன்றே மருத்துவரிடம் ஓடினேன். நல்லவேளை, மடல் நகரவில்லை. கபடி, குத்துச்சண்டை போன்றவற்றில் இருப்பவர்கள், மடலே தேவைப்படாத ஸ்மைல் என்ற வேறொரு லேசர் முறையைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

நாற்பத்திரண்டு வயதில் படிக்கும் கண்ணாடி வந்துவிட்டது. அது கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸின் முதுமை. லேசிக் அதைத் தடுக்காது. அறுவைக்கு முன் எடுத்த கருவிழி அளவீடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்; பிற்காலத்தில் கண்புரை வந்தால், பொருத்த வேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிட அவை உதவும்.