கத்திரியில் காலை வாரிய ஏசி: பழுது பார்ப்பதா, புதிதா, கூலரா?

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கியது. நான்காம் நாள் எங்கள் ஏசி வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. வேலூரில் மேல்மாடி வீடு, மேற்குப் பார்த்த படுக்கையறை. பகலில் 41, 42 டிகிரி. இரவு பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுட்டது. அந்த அறையில் படுப்பவர் 76 வயது மாமியார். அந்தச் சூட்டில் மின்விசிறி அனல் காற்றைத்தான் மேலே வீசும். அதனால் அவரைக் கீழ்வீட்டு ஹாலில் படுக்கவைத்து, கழுத்தில் ஈரத்துணி போட்டுவிட்டு, என்ன செய்வதென்று யோசித்தோம்.

கூலரை முதலில் முடித்துவிடுகிறேன். பக்கத்து வீட்டில் இரண்டு நாளுக்கு வாங்கி வைத்தோம். கரண்ட் செலவு ஏசியோடு ஒப்பிட்டால் சொற்பம். வேலூர் மதிய வெயிலில் காற்று காய்ந்து கிடப்பதால், ஜன்னலைத் திறந்து வைத்தால் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மாலையில் ஒரு மழை பெய்து காற்றில் ஈரம் ஏறியதும் உடம்பு பிசுபிசுத்ததுதான் மிச்சம். சென்னை போன்ற கடலோர ஊரில் இதை வாங்கவே சொல்லமாட்டேன்.

புது ஏசி? 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது ஒரு ஆறுதல். ஆனாலும் ஒன்றரை டன்னுக்குக் கடையில் கேட்டது 36,000. ஸ்டெபிலைசர், கூடுதல் செம்புக் குழாய் எல்லாம் தனி. மாட்டித்தர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏசியை நான் வைத்திருந்ததில்லை. தங்கை வீட்டில் மூன்று கோடை ஓடியதைப் பார்த்த அளவில், பில் குறைவது உண்மை. ஆண்டு முழுக்க ஓட்டுகிற வீட்டுக்கு அது சரி. நாங்கள் ஓட்டுவது மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரைதான்.

நாங்கள் எடுத்த முடிவு, ஏழு வயதான பழைய ஏசியையே சரி செய்வது. இங்கே எல்லாம் ஒரே விஷயத்தில்தான் நிற்கிறது: ஏசியைக் குளிரவைக்கும் கேஸ் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்தார்களா?

முந்தைய இரண்டு மே மாதமும் ஆள் வந்து, 2,800 ரூபாய்க்கு கேஸ் ஏற்றிவிட்டுப் போனார். இந்த முறை வந்த தம்பி சொன்னது: "அக்கா, கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது. குறைஞ்சா ஓட்டைன்னு அர்த்தம்." அவுட்டோர் யூனிட்டில் குழாய் சேரும் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தது. குழாய்க்குள் அழுத்தம் கொடுக்க நைட்ரஜன் ஏற்றி, அங்கே சோப்பு நுரையைத் தடவினார். கடுகளவு குமிழி ஒன்று கிளம்பி, கண் முன்னே கடலை அளவுக்கு ஊதியது. இரண்டு கோடை, 5,600 ரூபாய், அந்த இடம் வழியாகத்தான் போயிருக்கிறது!

குழாய் நுனியை வெட்டிப் புதிதாக விரித்து நட்டு போட்டார். மீண்டும் நைட்ரஜன் ஏற்றி, ஒரு மணி நேரம் பிரஷர் மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்த்தார். அப்புறம் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க அரை மணி நேரம் வேக்கம் பம்ப். கடைசியில், யூனிட் ஸ்டிக்கரில் போட்டிருந்த எடைக்கு சிலிண்டரைத் தராசில் வைத்து கேஸ் ஏற்றினார். மொத்தம் 4,600.

கேஸ் குறைந்த ஏசியில் அறை குளிராது, அதனால் கம்ப்ரசர் கட் ஆகாமல் ஓடிக்கொண்டே இருக்கும். போன கோடையில் எங்கள் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது புரிகிறது. 500 தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும்.

கம்ப்ரசரே போயிருந்தாலோ, உள் யூனிட்டில் இருக்கும் குழாய்ச் சுருள் (காயில்) பல இடத்தில் அரித்திருந்தாலோ நானும் புதிதுக்குத்தான் போயிருப்பேன். எங்களுடையது செம்புக் காயில், கசிவும் ஒரே இடம், அதனால் தப்பித்தோம். அடுத்த கோடையும் தாங்குமா என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது, எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன், நைட்ரஜனும் வேக்கம் பம்பும் தராசும் கொண்டுவருவாரா என்று கேளுங்கள். நான் போன் செய்த நாலு பேரில் சரி என்றவர் இந்தத் தம்பி மட்டும்தான்.